வரம்பு மீறிய வக்கீலும் நான் வரைந்த சுவரும்

நடந்தவை, வரிசையாக:

1. தாராவியில், எங்கள் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி, பழைய சினிமாப் படச்சுருளைக் கழுவிச் சூடாக்கிச் சீப்பும் வளையலும் செய்கிற பட்டறை ஒன்று இருந்தது. போன வருஷம் அது தீப்பிடித்தது. நான்கு பேர் இறந்தார்கள். நால்வரும் திருநெல்வேலி ஜில்லா, பட்டறை முதலாளியும் அதே ஜில்லா.

2. பின்வாசல் திறந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள். பின்வாசல் பூட்டியிருந்தது என்று போலீஸ் எழுதியது. பூட்டியவர் என்று பட்டறை மேஸ்திரி சுடலைமுத்து அண்ணாச்சியைக் கைது செய்தது.

3. பூட்டுவதற்கு அங்கே கதவே கிடையாது, முதலாளி அந்த வாசலைச் செங்கல் வைத்து அடைத்துப் பல மாதம் ஆகிறது என்று அண்ணாச்சி சொன்னார். அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

4. இறந்தவர்களின் குடும்பங்கள் ஊர்வலம் போய் மனுக் கொடுத்தன. சர்க்கார் இந்த வழக்குக்கென்று தனியாக ஒரு வக்கீலை நியமித்தது.

5. அவர் இடத்தை வந்து பார்த்தார். அளந்து படம் போடச் சொன்னார். போட்டவள் நான்.

6. படத்தைப் பார்த்தபிறகு, முதலாளியையும் இந்த வழக்கில் எதிரியாகச் சேர்க்க வேண்டும் என்று அவர் மாஜிஸ்திரேட்டைக் கேட்டார்.

7. அப்படிக் கேட்க அவருக்கு அதிகாரம் இல்லை, படம் போடச் சொல்லவும் அதிகாரம் இல்லை என்று முதலாளியின் வக்கீல் எழுந்தார்.

8. அதன்பிறகு வெகுநாள் யாரும் சுவரைப் பற்றிப் பேசவில்லை. அதிகாரத்தைப் பற்றியே பேசினார்கள்.

இவ்வளவும் ஊரில் வேறு மாதிரி வந்து சேர்ந்திருக்கிறது என்பது என் சித்தப்பாவின் கடிதத்திலிருந்து தெரிகிறது. "நம் ஜில்லாக்காரரை ஒரு மராட்டி வக்கீலிடம் காட்டிக்கொடுத்தாளாமே உங்கள் வள்ளி" என்று கடைத்தெருவில் கேட்கிறார்களாம். கடிதத்தில் பதில் எழுதினால் சித்தப்பா மட்டும்தான் படிப்பார். அதனால் ஊரில் எல்லோரும் படிக்கிற இந்தப் பத்திரிகையில் எழுதுகிறேன்.

பம்பாய் என்ன அயல்நாடா என்று கேட்பீர்கள். பாஸ்போர்ட் வேண்டாம், உண்மைதான். ஆனால் ரயிலில் இரண்டு ராத்திரி கழித்து இறங்கினால், பெயரைச் சொல்லும்போதே "மதராஸியா?" என்கிறார்கள். நாகர்கோவிலுக்கும் நெல்லூருக்கும் சேர்த்து ஒரே பெயர். ஊரில் இந்தி வேண்டாம் என்று நீங்கள் போராடியபோது நான் குழாயடியில் இந்தியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அதில்லாமல் இங்கே ஒரு குடம் தண்ணீர் வராது. அப்பா பரேலில் மில் வேலை. நான் டிராஃப்ட்ஸ்மன் டிப்ளமா படித்தேன். மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்தில், கட்டிடங்களுக்குப் பிளான் போடும் கம்பெனி ஒன்றில் டிராயிங் பலகை முன்னால் வேலை. பெண்ணுக்கும் அந்த வேலைக்கு டிராஃப்ட்ஸ்மன் என்றுதான் பெயர். பழகிவிட்டது.

ஐந்தாவது விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

சர்க்கார் நியமித்த வக்கீலைத் தாராவியில் எல்லோரும் ஸ்பெஷல் வக்கீல் என்றார்கள். ஸ்பெஷல் சாயாவில் பால் கூட, ஸ்பெஷல் வக்கீலில் என்ன கூட என்று சாயாக்கடையில் கேலி நடந்தது. அவர் புனாக்காரர், ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசமாட்டார். அண்ணாச்சியைச் சிறைக்கு அனுப்பத்தான் வருகிறார் என்று நாங்களும் நினைத்தோம். அவருடைய வேலை அதுதான். போலீஸ் தயாரித்த வழக்கை நடத்தி, சுடலைமுத்து என்கிற ஆளுக்குத் தண்டனை வாங்கித் தர வேண்டும்.

அவர் எங்கள் கம்பெனிக்கு, அளவோடு படம் போடத் தெரிந்த ஓர் ஆள் வேண்டும் என்று எழுதிக் கேட்டார். தலைமை டிராஃப்ட்ஸ்மன் சேஷாத்ரி சார் மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். தாராவிக்கு ரயில் ஜன்னல் வழியாக மட்டும் பழக்கம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீதாம்மா போகணும். மத்தவா போனா, வழி தெரியாம மாஹிம் வழியா திரும்பி வந்துடுவா" என்றார்.

பட்டறையில் கூரை இல்லை. கரியும், உருகி உறைந்த வளையல்களும் காலில் ஒட்டின. பின்சுவர் இடுப்பு உயரம் நின்றது. அதன் நடுவில் கருகிய கதவுநிலை, இரண்டு பக்கத்துக் கட்டையும் முழங்கால் உயரத்துக்கு. இரண்டு கட்டைக்கும் நடுவே, கதவு இருக்க வேண்டிய இடத்தில், செங்கல். பழைய சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்து. இதற்குச் சிமெண்ட். புதிய செங்கல் வரிசை பழைய சுவருக்குள் கோத்து வாங்காமல் தனியாக நின்றது. அடியில் வாசற்படிக் கல், ஆட்கள் மிதித்து நடுவில் குழிந்த கல், அந்தக் குழிவின்மேல் செங்கல் உட்கார்ந்திருந்தது.

போலீஸ் ஸ்கெட்சில் அதே இடத்தில் கதவுக் குறி இருந்தது. எப்படி வந்தது என்று எனக்கு உடனே புரிந்தது. பட்டறைக்கு லைசென்ஸ் வாங்க முதலாளி முனிசிபாலிட்டியில் கொடுத்த பழைய பிளானைப் பார்த்து யாரோ படியெடுத்திருக்கிறார்கள். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற தவறு இது. பழைய பிளான் மேசைமேல் இருக்கும். இடம் வெயிலில் இருக்கும். பிளானைப் பார்த்துப் போடுவது சுலபம். அப்படிப் போட்ட படத்தினால் இதுவரை எங்கள் ஆபீசில் சாக்கடை தவறான பக்கம் போயிருக்கிறது, மாடிப்படி ஜன்னலில் போய் இடித்திருக்கிறது. ஒரு மனிதர் கூண்டில் ஏறியது இதுதான் முதல் தடவை.

ஸ்பெஷல் வக்கீல் கைக்குட்டையை மூக்கில் பிடித்துக்கொண்டு நான் அளப்பதையே பார்த்தார். இன்ஸ்பெக்டரும் வந்திருந்தார், எதிர்ச்சந்து நிழலில் நின்றார். டேப்பின் மறுமுனையைப் பிடித்தது பேச்சியக்கா, அண்ணாச்சியின் மனைவி. அவள் பிடிக்கக் கூடாது என்று ஸ்பெஷல் வக்கீல் சொல்லி, ஒரு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு மாற்றினார். நியாயம்தான். பேச்சியக்கா அவரை முறைத்துவிட்டு நகர்ந்தாள்.

மூன்று நாள் ஆபீசில் உட்கார்ந்து டிரேசிங் துணியில் மையால் போட்டேன். பழைய சுவர் ஒரு கோடு, பிறகு வைத்த செங்கல் வேறு கோடு. வலது கீழ்மூலையில் வழக்கமான பெட்டி: வரைந்தவர், சரிபார்த்தவர், அளவு, தேதி, யார் சொல்லி வரைந்தது. எங்கள் ஆபீசில் இந்தப் பெட்டியில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் படம் வெளியே போகாது. சேஷாத்ரி சார் திருப்பி விட்டெறிவார். கடைசிக் கட்டத்தில் நடந்ததை எழுதினேன்: ஸ்பெஷல் வக்கீலின் உத்தரவுப்படி.

போலீஸ் இடத்தைத் திருப்பிக் கொடுத்ததும் முதலாளி மிச்சமிருந்ததை இடித்துத் தள்ளித் தகரக் கொட்டகை போட்டுவிட்டார். இப்போது அங்கே பிளாஸ்டிக் வாளி செய்கிறார்கள். அந்தச் சுவர் இன்றைக்கு என் படத்தில் மட்டும்தான் இருக்கிறது.

ஏழாவது விஷயம்.

சர்க்கார் உத்தரவு ஒரே வாக்கியம்: இன்ன எண்ணுள்ள வழக்கை நடத்துவதற்கு இன்னாரை நியமிக்கிறோம். முதலாளியின் வக்கீல் இந்த வாக்கியத்தை ஒரு பகல் முழுக்கப் பிரித்தார். வழக்கை நடத்துவது என்றால் போலீஸ் கொண்டுவந்ததை நடத்துவது. புதிதாக ஆளைச் சேர்ப்பது நடத்துவது ஆகாது. சாட்சியத்தைத் தேடிப்போவது போலீஸ் வேலை, வக்கீல் வேலை இல்லை. சமையற்காரர் ஆக்கி வைத்ததைப் பரிமாறுகிறவர் பந்தியோடு நிற்க வேண்டும், அடுப்படிக்குள் போகக் கூடாது என்று உதாரணமும் சொன்னார். படத்தின் மூலையில் நான் எழுதிய வரியைக் காட்டி, இதோ அடுப்படிக்குள் போனதற்கு அவர்களே எழுதித் தந்த அத்தாட்சி என்றார்.

அன்று சாயங்காலம் இதை அண்ணாச்சியிடம் தமிழில் சொன்னேன். ஜாமீனில் வந்திருந்தவர் வாசலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"சோத்துல கல்லு கெடந்தா பரிமாறுதவன் எடுத்துப் போடக் கூடாதோ?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை மாஜிஸ்திரேட் கேட்டிருந்தால் வழக்கு அன்றே நகர்ந்திருக்கும். அவர், படம் போட்டவளை முதலில் விசாரிப்போம், யார் சொல்லிப் போட்டாள் என்று தெரியட்டும், பிறகு அதிகாரத்தைப் பற்றி முடிவு செய்வோம் என்றார். எனக்குச் சம்மன் வந்தது.

சம்மன் வந்த வாரத்தில், தாராவியில் நம்மவர்கள் நடத்துகிற கோவிலின் கமிட்டி கூடியது. முதலாளி அந்தக் கமிட்டியில் இருக்கிறார். பாதித் தாராவிக்கு வேலை வாங்கித் தந்தவர், அதை நான் மறுக்கவில்லை. தாதர் ஸ்டேஷன் சுவரில் மதராஸிகளைப் போகச் சொல்லி எழுதி வைத்திருக்கிற நேரத்தில், நம்மவரைப் பிடிக்க ஒரு மராட்டி வக்கீல் அதிகாரத்தை மீறி வந்திருக்கிறார், நம் பெண்ணே அதற்குப் படம் போட்டுக் கொடுக்கிறது என்று அங்கே பேசினார்களாம். அப்பா போய்வந்து சாப்பிடாமல் படுத்தார்.

மராட்டிக்காரர் பிடிக்க வந்தார் என்கிறார்கள். அவர் வருவதற்கு முன்பே பிடிபட்டிருந்தவர் சுடலைமுத்து அண்ணாச்சி. அவர் எந்த ஊர்? எரிந்துபோன நால்வரும் எந்த ஊர்? வரம்புக்குள் நின்று அதுவரை எல்லோரும் வேலை செய்தார்கள். போலீஸ் வரம்புக்குள் நின்று பழைய பிளானைப் படியெடுத்தது. முனிசிபாலிட்டி வரம்புக்குள் நின்று லைசென்சைப் புதுப்பித்தது. கமிட்டி வரம்புக்குள் நின்று இறந்தவர்களுக்கு மாலை போட்டது. அப்படி நின்ற எல்லோரும் சேர்ந்து கூண்டில் ஏற்றியது ஒரே ஓர் ஆளை, பட்டறையில் எல்லோருக்கும் கடைசியாக வெளியே வந்து கை வெந்த ஆளை. வரம்பு என்ற சொல் முதலாளியின் வீட்டுப்பக்கம் ஒருவர் நடக்க ஆரம்பித்தபிறகுதான் எல்லோருக்கும் நினைவு வந்தது.

இதைக் கமிட்டியில் சொல்ல எனக்கு இடமில்லை, பெண்களை அங்கே அழைப்பதில்லை. அதனால்தான் ஊருக்கே எழுதுகிறேன்.

எதிர்ப்பக்கத்து நெருக்கடியை எதிர்பார்த்தேன். நம் பக்கத்திலிருந்து வந்ததுதான் கஷ்டமாக இருந்தது.

சாட்சி சொல்ல வேண்டிய நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பேச்சியக்கா வீட்டுக்கு வரச் சொன்னாள். போனேன். ரேஷன் கோதுமையைக் களைந்து உலர்த்தியிருந்தாள். மூத்த மகள் மூலையில் உட்கார்ந்து மராட்டிப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் பேச வரும், எழுத்துத் தெரியாது. அவள் அப்பாவுக்குத் தமிழ் எழுத்து மட்டும் தெரியும். ஸ்டேஷனில் வாக்குமூலம் என்று மராட்டியில் எழுதி நீட்டியதில் அவர் தமிழில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். பிறகு வக்கீல் கொடுத்த நகலை மகள் உரக்கப் படித்துப் பொருள் சொன்னபோதுதான், தான் கதவைப் பூட்டியதாகத் தானே சொல்லியிருக்கிற விஷயம் அவருக்குத் தெரிந்தது. பாதி படிக்கும்போதே பெண் அழுதுவிட்டதாம்.

பேச்சியக்கா சுற்றி வளைக்கவில்லை. அண்ணாச்சிக்காக ஆஜராகும் வக்கீலின் குமாஸ்தா ஒரு யோசனை சொல்லியிருந்தார். படம் போடச் சொன்னது இன்ஸ்பெக்டர் என்று நான் சொல்லிவிட்டால் போதும். இன்ஸ்பெக்டர் அன்றைக்கு அங்கே இருந்தார். ஸ்கெட்சில் தவறு செய்து மாட்டிக்கொண்டவர், இரண்டாவது படம் தான் போடச் சொன்னதுதான் என்று ஒப்புக்கொள்ள அவருக்கும் ஆட்சேபம் இருக்காதாம். அப்போது படம் போலீஸ் சாட்சியம் ஆகிவிடும். அதிகாரத் தகராறுக்கு வேலையே இருக்காது.

"அந்த மூலையில எழுதினது?" என்றேன்.

"தெரியாம எழுதிட்டேன்னு சொல்லு. சின்னப் பிள்ளதான ஒனக்கு. யாரு என்ன கேக்கப் போறா?"

"கேப்பாவக்கா."

"ஏளா, ஒரு வார்த்ததான. இன்ஸ்பெட்டரு சொன்னாருன்னு சொன்னா ஒன் நாக்கு என்ன தேஞ்சா போவும்? அவிய உள்ள போயிட்டா இந்த மூணையும் இழுத்துக்கிட்டு நான் எங்கன போவேன், சொல்லு."

என்னிடம் பதில் இருந்தது, வரிசைப்படியே இருந்தது. ஒன்று: இன்ஸ்பெக்டர்தான் சொன்னார் என்றால், அவருடைய கதவு போட்ட ஸ்கெட்ச் ஏன் இன்னும் கோர்ட்டில் கிடக்கிறது என்று கேட்பார்கள். இரண்டு: ஒரு கட்டத்தில் பொய் எழுதுவேன் என்று நான் ஒத்துக்கொண்டால் மற்றக் கட்டங்களை யார் நம்புவார்கள்? அளவு என்று எழுதியதை நம்புவார்களா? செங்கல் என்று போட்ட கோட்டை நம்புவார்களா? மூன்றாவதை அவளிடம் சொல்ல முடியவில்லை. அந்த இடத்துக்கு வந்து பார்க்க வேண்டும் என்று தோன்றிய ஒரே அதிகாரி அந்த மனிதர். வந்து பார்த்ததைக் குற்றம் என்கிறார்கள். அவர் வரவேயில்லை என்று நானும் சொன்னால், அவர்கள் சொல்வதை ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும்.

முதல் இரண்டைச் சொன்னேன். பேச்சியக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "படிச்ச பிள்ளைக்கி எல்லாம் கணக்குத்தான்" என்றாள்.

கட்டிலில் சுவர்ப்பக்கம் பார்த்துப் படுத்திருந்த அண்ணாச்சி தூங்குகிறார் என்று நினைத்திருந்தோம். திரும்பாமலே சொன்னார்: "அவள விடு. பொய்யச் சொல்லி உள்ள தள்ளுனாவ. நீ பொய்யச் சொல்லி வெளிய இழுக்கப் பாக்க. நடுவுல கெடந்து நாந்தான் நார்நாராக் கிழியுதேன்."

நான் கிளம்பும்போது பேச்சியக்கா வழக்கமாகச் சொல்கிற "போயிட்டு வா" கூடச் சொல்லவில்லை.

ஆபீசில் சேஷாத்ரி சார் வேறு விதமாகக் கலங்கிப் போயிருந்தார். கம்பெனி பெயர் பேப்பரில் வந்துவிடும் என்று பயம். "கட்டத்தை ரொப்புன்னு சொன்னது நான்தான், வாஸ்தவம். அதுக்காக இப்படி ரொப்பணுமா?" என்று இரண்டு மூன்று தரம் கேட்டார். வேறு எப்படி நிரப்புவது சார் என்றேன். யோசித்தார். "அதுவும் சரிதான்" என்று லீவு சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

கூண்டில் நின்று சத்தியம் செய்தேன். முதலாளியின் வக்கீல் நல்ல மரியாதையாகத்தான் கேட்டார். என் வயது, டிப்ளமா, எத்தனை வருஷ வேலை, இதற்கு முன் எந்தக் கோர்ட்டுக்காவது படம் போட்டிருக்கிறேனா. இல்லை என்றேன். நீங்கள் இன்ஜினியரா? இல்லை. பிறகு படத்தை நீட்டி மூலையிலிருந்த வரியைப் படிக்கச் சொன்னார். படித்தேன்.

"இது கைதவறி எழுதியதா?"

"இல்லை."

"போலீஸ் அதிகாரி யாராவது இந்தப் படத்தைப் போடச் சொன்னாரா?"

"இல்லை. ஸ்பெஷல் வக்கீல் சொன்னார். நான் போட்டேன்."

பேச்சியக்கா கடைசி வரிசையில் முக்காட்டோடு உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கம் பார்க்கவில்லை. முதலாளியின் வக்கீல் எனக்கு நன்றி சொல்லி உட்கார்ந்தார். நான் சொன்ன பதிலைத்தான் அவர் விரும்பினார் என்பது கோர்ட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. சுவரைப் பற்றி ஒரு கேள்வி கேட்பார்கள் என்று இறங்காமல் நின்றேன். கோர்ட் சிப்பந்தி கையைக் காட்டி இறங்கச் சொன்னார்.

வராந்தாவில் ஸ்பெஷல் வக்கீல் தனியாக நின்று வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். அருகில் போனதும், என் பதிலால் அவருக்குத் தொந்தரவு வரும், பரவாயில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்று யோசித்தேன். கேட்கவில்லை. அவரும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. பழத்தோலைப் போட இடம் தேடிக்கொண்டிருந்தார்.

மாஜிஸ்திரேட் படத்தை ஏற்றுக்கொண்டார். அதை எதிர்த்து முதலாளி ஹைகோர்ட்டுக்குப் போனார். கீழ்க்கோர்ட்டில் வழக்கு அப்படியே நின்றது.

ஹைகோர்ட்டுக்குப் பேச்சியக்காவும் வந்தாள். நானாகக் கூப்பிடவில்லை, காலையில் ஸ்டேஷன் பாலத்தில் நின்றுகொண்டிருந்தாள். ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். கோர்ட்டில் பின்பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் கேட்டபிறகுதான் என் காதில் மெதுவாகக் கேட்டாள்.

"அவிய பேரச் சொல்லுதாவளா?"

"இன்னும் இல்லக்கா."

"செத்தவிய பேர?"

"இல்ல."

"பின்ன இம்புட்டு நேரமா என்னத்தப் பேசுதாவ?"

"ஸ்பெஷல் வக்கீலுக்குக் கை எவ்வளவு தூரம் நீளலாம்ன்னு."

அவள் ஜட்ஜையும் மேலே சுற்றிய மின்விசிறியையும் மாறிமாறிப் பார்த்தாள். "நீண்டாத்தான என்ன. களவாங்கவா போனாரு?" என்றாள். முன்வரிசையில் ஒரு கறுப்பு அங்கி திரும்பிப் பார்த்தது. அவரும் தமிழர் போலிருக்கிறது. சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. பேச்சியக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள், பிறகு விடவில்லை.

தீர்ப்பு இரண்டு வாரம் கழித்து வந்தது. ஆங்கிலத்தில் பல பக்கம். நான் புரிந்துகொண்டது மூன்று விஷயம்.

சர்க்கார் உத்தரவு ஒரு வழக்கைச் சொல்கிறது, ஓர் ஆளைச் சொல்லவில்லை. ஆகவே இன்னொருவரையும் சேர்க்க வேண்டும் என்று மாஜிஸ்திரேட்டைக் கேட்பது, வழக்கை நடத்துவதில் அடங்கும். சேர்ப்பதா வேண்டாமா என்பது மாஜிஸ்திரேட்டின் பொறுப்பு.

ஆனால் ஸ்பெஷல் வக்கீல் தானே இடத்துக்குப் போய்ப் படம் போட உத்தரவிட்டது அவருடைய அதிகாரத்துக்கு வெளியே. துப்புத் துலக்குவது அவர் வேலை அல்ல. வரம்பு மீறியிருக்கிறார்.

அப்படி மீறினார் என்பதற்காக, அளந்தவள் கண்ணால் பார்த்தது இல்லாமல் போகாது. அவளை மாஜிஸ்திரேட் கோர்ட்டின் சாட்சியாக மறுபடி அழைக்கலாம். பார்த்ததை அவள் சத்தியம் செய்து சொல்லலாம், படத்தைக் காட்டி விளக்கலாம். எதிர்த்தரப்பு எவ்வளவு வேண்டுமானாலும் குறுக்கு விசாரணை செய்யலாம்.

பேப்பர்காரர்கள் இரண்டாவதை மட்டும் தலைப்பாகப் போட்டார்கள். கமிட்டியில் இனிப்பு வழங்கினார்கள். ஊருக்கும் அந்த இரண்டாவது மட்டும்தான் வந்து சேர்ந்தது என்று நினைக்கிறேன்.

வரம்பு மீறியது உண்மை என்றால் அதையும் நான் மறைக்கப்போவதில்லை. சட்டப்படி அவர் அங்கே வந்திருக்கக் கூடாது. சட்டப்படி வந்திருக்க வேண்டியவர்கள் எதிர்ச்சந்து நிழலில் நின்றார்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துப் பார்க்கிறேன். எனக்கு வெட்கம் வரவில்லை. காட்டிக்கொடுத்தாள் என்று கடைத்தெருவில் சொல்கிறவர்கள், யாரை என்றும் சேர்த்துச் சொல்லட்டும். நான் காட்டியது ஒரு சுவரை. அதை எழுப்பியவர் யார் என்று என் படத்தில் எங்கும் எழுதவில்லை. எனக்குத் தெரியாததை நான் எழுதுவதில்லை. அதைக் கேட்க வேண்டியது கோர்ட். கேட்கட்டும் என்றுதான் இத்தனை பாடும்.

மாட்டுங்காவில் காப்பி குடிக்கும்போது சேஷாத்ரி சார் ஒருநாள் கேட்டார், இவ்வளவுக்கும் பிறகு ஊருக்குப் போகப் பயமாயில்லையா என்று. போவேன். லீவு கிடைத்ததும் போவேன். கடைத்தெரு வழியாகவே நடந்து போவேன்.

இன்றைய நிலை இது. சுடலைமுத்து அண்ணாச்சி ஜாமீனில் இருக்கிறார். தாராவியில் யாரும் வேலை தரவில்லை, மான்குர்த்தில் ஒரு மரக்கடையில் கட்டை தூக்குகிறார். ஸ்பெஷல் வக்கீலிடம் சர்க்கார் விளக்கம் கேட்டிருக்கிறது. அவர் இன்னும் வழக்கிலிருந்து விலகவில்லை. முதலாளியைச் சேர்ப்பது பற்றி மாஜிஸ்திரேட் முடிவு சொல்லவில்லை, என்னை விசாரித்தபிறகு சொல்வதாக அறிவித்திருக்கிறார். வருகிற திங்கட்கிழமை நான் கோர்ட்டின் சாட்சியாக மறுபடி கூண்டில் ஏறுகிறேன். இந்தத் தடவை சுவரைப் பற்றிக் கேட்டே ஆக வேண்டும்.